கேளுங்கள், சொல்கிறேன்: பேரேட்டில் எழுதிய காளி பாட்டு

சென்ற இதழில் தீபாவளி பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, வங்காளத்தில் அந்த அமாவாசை இரவு காளி பூஜை நடக்கும் என்றும், காளிக்கு அவர்கள் பாடும் பாட்டுகளில் டிக்ரி, ஜப்தி என்று கோர்ட் சமாசாரம் எல்லாம் வரும் என்றும் நாலு வரி சேர்த்திருந்தேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். புது வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: கணவரின் வேலை காரணமாக நான் 23 வருடம் கொல்கத்தாவில், லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்தேன். இந்தப் பாட்டுகள் எனக்கு அங்கே பக்கத்து வீடுகளில் கிடைத்தவை.

என் மகன் கொல்கத்தாவில் வேலை பார்க்கிறான். வீட்டுக்காரப் பெரியவர் விடிந்ததும் "மா, மா" என்று பாடுவாராம். சாமி பாட்டு மாதிரி இல்லை, அம்மாவிடம் சண்டை போடுகிற மாதிரி இருக்கிறது என்கிறான். அது என்ன பாட்டு?
*ஒரு வாசகி, தஞ்சாவூர்*

உங்கள் மகனுக்கு நல்ல காது அம்மா. அது சண்டையேதான். சியாமா சங்கீதம் என்பார்கள். சியாமா என்றால் கரியவள், காளி.

எனக்கு அது முதலில் காதில் விழுந்தது கீழ் வீட்டு மாஷிமா மூலமாக. மாஷிமா என்றால் சித்தி, பெரியம்மா மாதிரி. அக்கம்பக்கத்துப் பெரியவர்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒருநாள் காலை அவர் அடுக்களைத் தரையில் அரிவாள்மணையை மிதித்தபடி வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார். கறை ஒட்டாமல் இருக்கக் கையெல்லாம் கடுகெண்ணெய். ஒவ்வொரு பூவாகக் கள்ளனை உருவிப் போட்டுக்கொண்டே, "மா ஆமாய் கூராபி கதோ, கொலூர் சோக் டாகா பலதேர் மதோ" என்று பாடினார். எனக்கு அப்போது வங்காளி அரைகுறை. அர்த்தம் கேட்டேன். "இன்னும் எத்தனை காலம் என்னைச் சுற்ற விடுவாய் அம்மா, கண்ணைக் கட்டிய செக்கு மாடு மாதிரி?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "செக்கு மாடாட்டம் சுத்தறேன்" என்று என் பாட்டி அடுப்படியில் அலுத்துக்கொள்வதைக் கேட்டு வளர்ந்தவள் நான். அதைச் சாமியிடமே போய், நீதானே என்னைப் பூட்டினாய் என்று கேட்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எழுதியவர் ராம்பிரசாத் சேன். 18ஆம் நூற்றாண்டுக்காரர். ஊர் ஹாலிசஹர், கங்கைக் கரை. சியால்தாவில் ரானாகாட் லோக்கல் ஏறினால் நைஹாட்டிக்கு அடுத்த ஸ்டேஷன். அப்பா போன பிறகு குடும்பம் கஷ்டப்பட, கொல்கத்தாவில் ஒரு பணக்காரர் வீட்டில் கணக்கு எழுதப் போனார். வரவு செலவு எழுத வேண்டிய பேரேட்டில் காளிக்குப் பாட்டு எழுதி வைத்தார். மேலே இருந்தவர் அதைக் கண்டுபிடித்து முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினார். அதில் இருந்த வரி இது: "ஆமாய் தே மா தபில்தாரி, ஆமி நிமக்ஹராம் நய் சங்கரி." கஜானாப் பொறுப்பை என்னிடம் கொடு தாயே, உப்புத் தின்ற வீட்டுக்கு ரெண்டகம் செய்கிறவன் இல்லை நான், சங்கரி. நிமக் என்றால் உப்பு. நாம் சொல்கிற அதே உப்பு. அதற்கு மேல் ஒரு புகார் வேறு: உன் பாதத்து ரத்தினங்களை வருகிறவன் போகிறவன் எல்லாம் அள்ளிக்கொண்டு போகிறான், எனக்குப் பொறுக்கவில்லை, பண்டக சாலையை அந்த மறதிக்காரச் சிவனிடம் விட்டால் வேறு என்ன நடக்கும்?

ஒரு கணக்குப்பிள்ளை சாமியிடம் என்ன வேலை கேட்பார்? கணக்கு வேலைதான் கேட்பார். முதலாளி அதைப் படித்துவிட்டு, மாதம் 30 ரூபாய் அனுப்புகிறேன், ஊருக்குப் போய்ப் பாடிக்கொண்டிரு என்று சொல்லிவிட்டார் என்பது வங்காளத்தில் வழிவழியாகச் சொல்லும் கதை. பின்னால் நதியா மகாராஜா கிருஷ்ணசந்திரர் மானிய நிலமும் கவிரஞ்சன் என்ற பட்டமும் கொடுத்தார். அவருடைய மெட்டுக்கு இன்றும் பிரசாதி சுர் என்றே பெயர். பெரிய ஞானம் வேண்டாம், ஒரு தடவை கேட்டால் வாய்க்கு வந்துவிடும். அதனால்தான் படகுக்காரர் முதல் மாஷிமா வரை எல்லாருக்கும் சொந்தமானது.

நான் கோர்ட்டில் அமீனாவாக இருந்து ஓய்வு பெற்றவன். காளி பாட்டில் டிக்ரி வரும் என்று எழுதியிருந்தீர்கள். நிஜமாகவா?
*ஒரு வாசகர், மதுரை*

நிஜமாகத்தான் ஐயா. ராம்பிரசாத் பாட்டில் டிக்ரி என்ற சொல்லே வருகிறது. "மா தாரா, சங்கரி, எந்த அநியாயத்துக்காக என் மேல் துக்க டிக்ரியை ஜாரி செய்தாய்?" என்று ஆரம்பிக்கும். அடுத்தது, "ஏக் ஆசாமி, சய்டா பியாதா." ஆசாமி ஒருவன், பியாதா ஆறு பேர், நான் எப்படிச் சமாளிப்பேன் என்கிறார். நாம் ஆசாமி என்றால் ஆள் என்று வைத்துக்கொண்டோம்; அங்கே குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஆசாமி என்று பெயர். பியாதா என்றால் உங்களைப் போல உத்தரவோடு வீட்டு வாசலில் வந்து நிற்கிறவர். ஆறு பேர் யார் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்: காமம், குரோதம், லோபம், மோகம், மதம், மாற்சரியம். அந்த ஆறு பேருக்கும் விஷம் வைத்துக் கொன்றுவிடலாம் போல இருக்கிறது என்றும் பாடுகிறார்.

இதெல்லாம் சும்மா உவமைக்காக எடுத்துக்கொண்டவை என்று நான் நினைக்கவில்லை. அந்தக் காலத்தைப் பாருங்கள். 1757இல் பிளாசிப் போர். 1765இல் வரி வசூலிக்கும் திவானி உரிமை கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. 1770இல் பெரும் பஞ்சம். ஜனங்களில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று கம்பெனியின் கவர்னர் வாரன் ஹேஸ்டிங்ஸே எழுதினார். பழைய ஜமீன்கள் வரி பாக்கிக்கு ஏலம் போயின. நேற்று வரை சாதாரணமாக இருந்தவர்கள் அவற்றை வாங்கினார்கள். இதே பாட்டில் ராம்பிரசாத் பெயர் சொல்லியே கேட்கிறார்: ராஜா கிருஷ்ணசந்திரர் பெயரில் ஏலம் விட்டாய், வெற்றிலை விற்றுப் பிழைத்த கிருஷ்ண பாந்திக்கு ஜமீன்தாரி கொடுத்தாய், இது என்ன நியாயம்? கிருஷ்ண பாந்தி கற்பனை ஆள் இல்லை. ரானாகாட்டில் பெரிய ஜமீன் குடும்பத்தைத் தொடங்கி வைத்தவர்.

தனக்கு நிலம் கொடுத்த ராஜாவின் சொத்து ஏலத்துக்கு வருவதைப் பார்த்த ஒரு மனிதர் அதைக் காளியின் கோர்ட்டில் கேட்கிறார். வேறு எந்தக் கோர்ட்டில் கேட்பார்?

காளி ஏன் நாக்கை நீட்டிக்கொண்டு இருக்கிறாள்? என் பேத்தி கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.
*ஒரு வாசகி, கோவில்பட்டி*

சம்ஸ்கிருதத்தில் உள்ள தேவி மாகாத்மியத்தில் காளி அம்பிகையின் நெற்றியிலிருந்து கிளம்பி வருகிறாள். தொங்கும் நாக்கோடு பார்க்கவே பயங்கரமாக இருக்கிறாள் என்று அங்கேயே வருகிறது. ரக்தபீஜன் என்ற அசுரனின் ரத்தம் ஒரு சொட்டு நிலத்தில் விழுந்தாலும் இன்னொரு அசுரன் முளைப்பான். விழாமல் குடிப்பதற்கு அந்த நாக்கு. இது பழைய பதில்.

வங்காளத்தில் இன்னொரு பதில் இருக்கிறது, உங்கள் பேத்திக்கு அதைச் சொல்லுங்கள். நவத்வீபத்தில் கிருஷ்ணானந்த ஆகமவாகீசர் என்று ஒரு பண்டிதர், தந்திரசாரம் என்ற நூலைத் தொகுத்தவர். சுடுகாட்டுக் காளியை வீட்டில் வைத்துக் கும்பிடுகிற உருவம் எப்படி இருக்கும் என்று தவித்தாராம். நாளைக் காலையில் யாரை முதலில் பார்க்கிறாயோ அதுதான் என் உருவம் என்று கனவில் உத்தரவாயிற்று. விடியற்காலையில் கிளம்பினார். குடிசைச் சுவரில் ஒரு கறுத்த பெண் வரட்டி தட்டிக்கொண்டிருக்கிறாள். வலது கால் முன்னே, ஒரு கையில் சாணி, இன்னொரு கை சுவரை நோக்கித் தூக்கி இருக்கிறது, கூந்தல் அவிழ்ந்து கிடக்கிறது. பெரியவர் வந்து நிற்பதைப் பார்த்ததும் வெட்கத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் அப்படியே விழுந்து கும்பிட்டாராம்.

இன்றும் வங்காளிப் பெண்கள் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டால் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். மாஷிமா ஒரு நாளைக்கு நாலு தடவை செய்வார். அதைப் பார்த்த பிறகு எனக்குக் காளி படத்தைப் பார்த்துப் பயம் வந்ததே இல்லை.

ராம்பிரசாத்துக்கு முன்னால் வங்காளியில் அம்மன் பாட்டே கிடையாதா?
*ஒரு வாசகர், ஈரோடு*

நிறைய உண்டு. மங்கல காவியங்கள் என்று பெரிய வரிசையே இருக்கிறது. பாம்பு தெய்வம் மனசா மேல், சண்டி மேல் என்று 15, 16ஆம் நூற்றாண்டுகளில் எழுதிய நீளமான கதைப் பாட்டுகள். அவற்றில் தேவி கொஞ்சம் கடுமையானவள். என்னைக் கும்பிடு, இல்லாவிட்டால் பார் என்பாள். முழுவதும் விவரிக்க இங்கே இடம் இல்லை. கடைசியாக வந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன், அதை விட மனசில்லை.

பாரத்சந்திர ராய் 1752இல் முடித்த அன்னதா மங்கலம். அன்னதா என்றால் அன்னபூரணி. ஒரு நாள் சாதாரணப் பெண்ணாக ஆற்றங்கரைக்கு வந்து படகுக்காரரைக் கூப்பிடுகிறாள். ஈஸ்வரி பாட்னி என்பது படகோட்டியின் பெயர். தனியாக வந்திருக்கிறாயே, புருஷன் யார் என்று கேட்கிறார். அவள் சொல்கிறாள்: புருஷன் ரொம்பக் கிழவர், போதையில் கெட்டிக்காரர், ஒரு குணமும் கிடையாது, நெற்றியில் நெருப்பு. வங்காளியில் நெற்றியில் நெருப்பு என்றால் விளங்காதவன் என்று திட்டுகிற சொல். பாவம், வாழ்க்கை சரியில்லாத பெண் போல என்று படகோட்டி இரக்கப்படுகிறார். கேட்கிற நமக்கோ குணம் கடந்தவரும் நெற்றிக்கண்ணும் தெரிகிறது. அவள் படகில் ஏறி, தண்ணீர் இறைத்துக் கொட்டும் மரச்சட்டியின் மேல் காலை வைக்கிறாள். சட்டி பொன்னாகிவிடுகிறது. அப்போதுதான் படகோட்டிக்கு விஷயம் புரிகிறது. வரம் கேள் என்கிறாள். "ஆமார் சந்தான் ஜேனோ தாகே துதே பாதே." என் பிள்ளைகள் பாலும் சோறுமாக இருக்கட்டும். அவ்வளவுதான் கேட்டது.

வங்காளத்தில் இந்த வரி தெரியாதவர்களை நான் பார்த்ததில்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது சொல்வார்கள், கல்யாணத்தில் ஆசீர்வாதமாகச் சொல்வார்கள். அதை எழுதி 18 வருடத்தில்தான் மேலே சொன்ன பஞ்சம் வந்தது.

"சர்க்கரை ஆக வேண்டாம்" என்று ராமகிருஷ்ண பரமஹம்சர் சொன்னதாகப் படித்திருக்கிறேன். அது அவருடைய சொல்லா?
*ஒரு வாசகர், திருச்சி*

ராம்பிரசாத் பெயரில் வழங்கும் பாட்டு அது. முக்தி அடைந்து என்ன பயன், தண்ணீர் தண்ணீரில் கலக்கும். சர்க்கரையாக ஆவது எனக்கு வேண்டாம், சர்க்கரை தின்னப் பிடிக்கும் என்று வரும். ராணி ராசமணி 1855இல் கட்டி முடித்த தட்சிணேசுவரம் கோயிலில் பூசாரியாக இருந்த ராமகிருஷ்ணர், ராம்பிரசாத் பாட்டையும், அவருக்கு அடுத்து வந்த கமலாகாந்தர் பாட்டையும் ஓயாமல் பாடுவார். அவர் வாய் வழியாகத்தான் அது இவ்வளவு தூரம் நம் ஊருக்கு வந்து சேர்ந்தது.

துர்கா பூஜையின் கடைசி நாளில் வங்காளிகள் ஏன் அழுகிறார்கள்? சாமியைக் கரைப்பது நம் பிள்ளையார் சதுர்த்தியிலும் உண்டுதானே?
*ஒரு வாசகி, சேலம்*

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

நாம் பிள்ளையாரைக் கரைக்கும்போது சாமியைத் தண்ணீரில் விடுகிறோம். அவர்கள் மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பத்துக் கையும் சிங்கமும் மகிஷனுமாகப் பந்தலில் நிற்கிறவளை அவர்கள் பாட்டில் உமா என்று கூப்பிடுவார்கள். இமயமலை ராஜாவின் மகள், அம்மா மேனகை. கட்டிக் கொடுத்தது சுடுகாட்டில் திரியும் சிவனுக்கு. வருடத்தில் மூன்று நாள், சப்தமி, அஷ்டமி, நவமி, பிறந்த வீட்டுக்கு வருகிறாள். அவள் வருவதற்கு முன்னால் பாடுவது ஆகமனி. போகும்போது பாடுவது விஜயா.

ராம்பிரசாத்தின் ஆகமனி ஒன்றில் மேனகை புருஷனிடம் சொல்கிறாள்: "கிரி, எபார் ஆமார் உமா ஏலே ஆர் உமா பாடாபோ நா." இந்தத் தடவை என் உமா வந்தால் திருப்பி அனுப்ப மாட்டேன். ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும், யார் சொல்லையும் கேட்க மாட்டேன். அந்த மிருத்யுஞ்சயன் வந்து கூட்டிப் போகிறேன் என்றால், அம்மாவும் பெண்ணுமாகச் சேர்ந்து சண்டை போடுவோம், மாப்பிள்ளை என்றும் பார்க்க மாட்டேன்.

எந்தக் காலத்தில் இது பாடப்பட்டது என்று யோசியுங்கள். எட்டு வயதுப் பெண்ணைக் கன்னிகாதானம் செய்வதற்கு அங்கே கௌரிதானம் என்று பெயர். புண்ணியம் என்று நம்பினார்கள். உயர்ந்த குலம் என்று மதிக்கப்பட்ட குலீன பிராமணர்கள் பத்து, இருபது என்று கல்யாணம் செய்துகொண்டார்கள். வயதான, வேறு மனைவிகள் உள்ள மாப்பிள்ளைக்கு எட்டு வயதுக் குழந்தையைக் கொடுத்துவிட்டு, ஒரு தகவலும் இல்லாமல் காத்திருந்த தாய்மார்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். அவர்களால் சம்பந்தியிடம் வாய் திறக்க முடியாது. மேனகைக்காகப் பாடலாம். சிவன் மாப்பிள்ளையைத் திட்டலாம். இந்தப் பாட்டுகள் அந்த வீடுகளில் நிலைத்ததற்கு எனக்குத் தெரிந்த காரணம் அதுதான்.

அடுத்து பர்தமான் மகாராஜாவின் ஆதரவில் இருந்த கமலாகாந்த பட்டாச்சார்யர். ராம்பிரசாத்துக்கு அடுத்த தலைமுறை, 1821 வாக்கில் மறைந்தவர். அவர் பாட்டில் மேனகை ராத்திரியிடமே கெஞ்சுகிறாள்: "ஓரே நவமி நிசி, நா ஹயியோ ரே அபசான்." நவமி இரவே, முடிந்துவிடாதே. விடிந்தால் தசமி, பெண் கிளம்பிவிடுவாள்.

மாஷிமாவுக்கு ஒரே பெண், சிலிகுரியில் கொடுத்திருந்தார். பூஜைக்கு மட்டும் வருவாள். நவமி ராத்திரி பந்தலில் எல்லாரும் இந்தப் பாட்டைப் பாடும்போது மாஷிமா முதல் வரியோடு நிறுத்திவிடுவார். மறுநாள் தசமி. சுமங்கலிகள் வரிசையாகச் சிலை முன்னால் போவார்கள். ஸ்டூல் போட்டு ஏறி, வெற்றிலையால் துர்க்கையின் முகத்தைத் துடைத்துவிடுவார்கள். வெயிலில் பயணம் போகிற பெண்ணுக்குச் செய்கிற மாதிரி. வாயில் சந்தேஷ் என்ற பால் இனிப்பு ஊட்டுவார்கள். நெற்றியில் சிந்தூரம். பிறகு காதருகே குனிந்து, "ஆபார் எஷோ மா", மறுபடியும் வா அம்மா. அங்கே பெற்ற பெண்ணையும் மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு வருடம் மாஷிமா அதைச் சொல்லிவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கி, பக்கத்தில் நின்ற தன் பெண்ணின் முகத்தையும் அதே வெற்றிலையால் துடைத்தார். அவள் அன்று ராத்திரி ரயிலுக்குக் கிளம்ப வேண்டியவள். நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன். எனக்கு என் அம்மா ஞாபகம் வந்து, அழுதுவிட்டேன்.

ராமர் துர்க்கையைப் பூஜித்தார் என்று ஒரு வங்காள நண்பர் சொல்கிறார். கம்பனில் இல்லையே?
*ஒரு வாசகர், காரைக்குடி*

வால்மீகியிலும் இல்லை. 15ஆம் நூற்றாண்டுக் கிருத்திவாசரின் பெயரில் வழங்கும் வங்காளி ராமாயணத்தில் இருக்கிறது. ராவணனை வெல்ல 108 நீலத் தாமரையால் ராமர் தேவியைப் பூஜிக்கிறார்; ஒன்று குறைகிறது; தாமரைக் கண்ணன் என்கிறார்களே என்று தன் கண்ணையே எடுக்க அம்பைத் தூக்குகிறார், தேவி தடுக்கிறாள். வசந்த காலத்துப் பூஜையை இலையுதிர் காலத்தில் செய்ததால் அதற்கு அகால போதன், காலம் அல்லாத காலத்தில் எழுப்புதல், என்று பெயர்.

நஸ்ருல் இஸ்லாம் காளி பாட்டு எழுதினார் என்பது சரியா? அவர் முஸ்லிம் அல்லவா?
*ஒரு வாசகி, நாகூர்*

சரிதான் அம்மா. கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம், 1899இல் பர்தமான் மாவட்டம் சுருலியாவில் பிறந்தவர். இஸ்லாமியப் பக்திப் பாட்டுகளும் எழுதினார், காளிக்கும் எழுதினார். இரண்டும் மனசாரத்தான். 1922இல் தூமகேது பத்திரிகையில் ஆனந்தமயியின் வருகை என்ற கவிதையில், இன்னும் எத்தனை நாள் மண் பொம்மைக்குள் ஒளிந்திருப்பாய் என்று துர்க்கையைக் கேட்டார். தங்களுக்கு எதிராகத்தான் அவளை எழுப்புகிறார் என்று வெள்ளைக்காரர்களுக்குப் புரிந்துவிட்டது. ஒரு வருடம் கடுங்காவல்.

1930இல் அம்மை நோயில் அவருடைய மகன் புல்புல் சின்ன வயதிலேயே இறந்துபோனான். அதற்குப் பிறகு எழுதிய சியாமா பாட்டுகளைக் கேட்டால் குரல் வேறு மாதிரி இருக்கும். செம்பருத்தியைப் பார்த்து, "பல் ரே ஜபா பல்" என்று கேட்கிறார்: சொல்லு செம்பருத்தியே சொல்லு, என்ன தவம் செய்து சியாமா அம்மாவின் காலடியில் இடம் பிடித்தாய்? காளி பூஜை அன்று இந்தப் பாட்டு ஒலிக்காத தெரு கொல்கத்தாவில் இல்லை.

இவற்றை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது? எனக்கு வங்காளி தெரியாது.
*ஒரு வாசகர், புதுச்சேரி*

பன்னாலால் பட்டாச்சார்யா என்று தேடுங்கள். 1930இல் பிறந்து 36 வயதுக்குள் போய்விட்டவர். "ஆமார் சாத் நா மிட்டிலோ" என்று ஒரு பாட்டு: என் ஆசை தீரவில்லை, எண்ணியது நிறைவேறவில்லை, எல்லாம் முடிந்துகொண்டே போகிறது அம்மா. பாஷை தெரியாவிட்டாலும் அந்த "மா" புரியும். அப்புறம் மஹாளய அமாவாசை அன்று விடிகாலை 4 மணிக்கு ரேடியோவில் மகிஷாசுரமர்தினி. பீரேந்திர கிருஷ்ண பத்ரர் குரல், 1931 முதல் வருகிற நிகழ்ச்சி. 1976இல் அவருக்குப் பதிலாகப் பெரிய சினிமா நடிகரைப் படிக்க வைத்துப் பார்த்தார்கள், ஜனங்கள் ஏற்கவில்லை, பழைய குரலையே திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

செக்கு மாட்டுப் பாட்டையும் மேனகை பாட்டையும் முழுதாகத் தமிழ் எழுத்தில், வரிக்கு வரி அர்த்தத்தோடு ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். சுயவிலாசமிட்ட உறையைப் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள், நகல் எடுத்துப் போடுகிறேன்.